ரம்பத்தின் தடிப்பு

உச்சிப்புளியில் கட்டிலுக்குப் பதினோராயிரம் சொன்னார்கள்.
பலகை மட்டும் என்றால் எவ்வளவு என்றேன்.
கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார்,
பிறகு என் பின்னால் பார்த்தார்,
கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று.

பன்னிரண்டடி வேப்பம்பலகை. பஸ்ஸில் ஏற்றவில்லை.
பாம்பனுக்கு மீன் எடுக்கப் போன
காலி வண்டியில் வந்தது, கொஞ்சம் சட்டங்களோடு.
பாலத்தின் நடுவில் கச்சான் காற்று
பலகையின் நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
என் மடியில் அரைக்கிலோ ஆணி.

நண்டுக் கம்பெனியில் எட்டு வருஷம்.
ஓட்டுக்குள்ளிருந்து சதையைச்
சிதையாமல் உருவத் தெரிந்த விரல்கள் இவை.
மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ரெபினா தூக்கத்தில் நீந்துகிறவள்.
ஒரு கை சுவரில், ஒரு கால் என் வயிற்றில்,
விடிவதற்குள் மூன்று முறை கரை மாறுவாள்.
தள்ளிப் படுக்க வை என்றாள் நர்ஸ்.
எங்கே தள்ள? ஒரே அறை.

தூங்கும்போது அளக்க முடியவில்லை.
வாசல் நிலையில் நிற்க வைத்துப் பென்சில் எடுத்தேன்.
குதிகாலை எக்கி நின்றாள்.
பார்க்காத மாதிரி
எக்கிய அளவையே எழுதிக்கொண்டேன்.
எப்படியும் அதுவரை வருவாள்.

குறுக்குப் பலகை ஆறு, இரண்டடி வீதம்.
ஆறிரண்டு பன்னிரண்டு. கணக்குச் சரி.
வள்ளம் பழுது பார்க்கும் கொட்டகையில் இரவல் வாங்கிய ரம்பம்,
பாதிப் பல் மழுங்கல்.
சிக்கியது. விட்டது. சிக்கியது.
மேலே கோட்டோடு போனது,
அடியில் தன் இஷ்டத்துக்குப் போயிருந்தது.

ஐந்து வெட்டு முடிந்து
மிஞ்சிய ஆறாவதை வைத்துப் பார்த்தால்
ஐந்து நூல் குட்டை.
மூன்று முறை அளந்தேன். நாடாவைத் திட்டினேன்.
பிறகுதான் காலைப் பார்த்தேன்:
விரலிடுக்கில், பாவாடைக் கரையில், மஞ்சளாக
வெட்டுக்கு ஒரு நூல்.
ரம்பத்துக்கும் ஒரு தடிப்பு உண்டென்று
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.
தூளில் பாதியைக் காற்று கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.

"ஏழு மாசக்காரி வீட்டுல ஆணி அடிக்கலாமாடி?"
வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா.
எனக்கும் கொஞ்சம் பயம்தான்.
அரைக்கிலோவைத் திருப்பிக் கொடுத்து ஸ்க்ரூ வாங்கினேன்.
ஸ்க்ரூ அடிப்பதில்லையே,
முறுக்குவதுதானே.
உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

மால்பேயிலிருந்து இன்னாசி கூப்பிட்டார்.
"கட்டிலா? நீயா?" என்று சிரித்தார்.
பின்னால் எஞ்சின் சத்தம்.
போட்டோ அனுப்பு என்றார்.
அனுப்பினேன், ஆடாத மூன்று கால் தெரிகிற மாதிரி.
நான்காவதற்கு அடியில் சிப்பி ஓடு.

குட்டைப் பலகையை வீணாக்க மனமில்லை.
அடியில் ஒரு துண்டை முட்டுக் கொடுத்துத்
தலைமாட்டில் போட்டேன்.
ஓரச் சட்டத்தைத் தொடாமல்
அது ஐந்து நூல் தள்ளி நிற்கிறது.

முதல் ராத்திரி
கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்து,
கோயிலில் படுத்திருக்கும் சொரூபம் போல, நேராக.
"பயமா இருக்கா?"
"இல்ல. அசைஞ்சா உடைஞ்சிரும்ல."
"உடையாதுடி."
"நீதானம்மா செஞ்ச."

எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம் வரவில்லை.
பாயில் என் வலப்பக்கம் முழுக்கக் காலி.
உதைக்க உள்ளே இருக்கிறது மட்டும்தான்.

எத்தனை மணியோ,
கட்டில் ஒருமுறை முனகியது.
பிறகு கால் பலகையில் தட்டும் சத்தம்.
நீந்தத் தொடங்கிவிட்டாள்.
இருட்டில் தலைமாட்டு இடுக்கு வழியே
ஒரு விரல் கீழே வந்தது,
ஒரு விரல்தான் நுழையும்.
பிடித்துக்கொண்டேன்.
தூக்கத்திலா, விழித்தா, தெரியவில்லை.

அந்த ஓரம் இன்னும் சொரசொரப்பு.
காலையில் உப்புத்தாள் வாங்க வேண்டும்.